வாசலிலிருந்து வாசலுக்கு

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் வைத்த பெயர் டயம். நேரில் டயம் அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் டயம். இருபத்திரண்டு வருடமாக ஊரின் முதல் பஸ்ஸை எடுக்கிறவர் அவர்தான். சந்தைக்குப் போகிறவர்கள், தெரு கூட்டுகிறவர்கள், என்னைப் போல ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. அவர் வண்டி முக்கில் திரும்பும் சத்தம் கேட்டதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். டிப்போவில் யாராவது சின்ன வயசுக்காரர், “அண்ணே, ஒரு மாசம் அந்த முதல் டிரிப்பை எனக்குக் குடுங்களேன்” என்று கேட்டால், “நான் செத்த மறுநாள் வந்து கேளு” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் விளையாட்டில்லை என்பது கேட்டவருக்குத் தெரியும்.

வீட்டிலும் இதே கூத்துதான். “சாப்பாடு ஆச்சா?” என்பார். “இதோ ஆச்சு” என்பேன். “இதோன்னா எவ்ளோ நேரம்?” என்பார். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு பிறந்தவள் நான். எனக்குப் போய் இப்படி ஒருவரைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, நான் தாழ்த்தி அவர் கேட்டதில்லை. அதனால் வண்டி ஒரு மாதிரி சமமாகப் போய்க்கொண்டிருந்தது.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டியில் வேகவைத்துக் கொடுக்கும் அறைக்கு நான் பொறுப்பு. குணமாகிப் போகிறவர்கள் டாக்டரைக் கும்பிடுவார்கள், நர்ஸைக் கும்பிடுவார்கள். எங்கள் அறை எந்தப் பக்கம் என்றுகூட யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம். எங்கள் கதவைத் தாண்டி அழுக்கு வெளியே போகாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஒரு செவ்வாய்க்கிழமை நிர்வாகி அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆஸ்பத்திரி வேறொரு ஊரில் புதிய கிளை கட்டியிருக்கிறது. அங்கே இதே மாதிரி ஓர் அறையை முதலிலிருந்து அமைத்து, ஆட்களைப் பழக்கி, இரண்டு வருடம் நடத்திக் கொடுக்க வேண்டும். “உங்களை விட்டா எனக்கு வேற ஆள் தோணலம்மா. வீட்ல பேசிட்டு திங்கக்கிழமை சொல்லுங்க” என்றார்.

எனக்கு ஐம்பது வயது. இத்தனை வருடம் அடுத்தவர் அமைத்த அறையில், அடுத்தவர் வைத்த இடத்தில் இருக்கிற தொட்டியில்தான் கழுவியிருக்கிறேன். எனக்கென்று ஓர் அறை, நான் சொல்கிற இடத்தில் குழாய், நான் சொல்கிற பக்கம் கதவு. ஆசைப்பட்டேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்? கையில் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளலாம் போல அவ்வளவு ஆசை.

அன்று சாயங்காலம் என் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எதையும் பெரிதாகப் பேசுகிறவர், ஆனால் மனசில் கள்ளம் கிடையாது. நான் விஷயத்தைச் சொன்னதும், கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் என் மகள் போனில் தட்டிப் பார்த்துவிட்டாள்.

“ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டர்மா. ஃப்ளைட்ல ரெண்டே மணி நேரம்.”

“ரெண்டு மணி நேரமா? நான் ஆபீஸுக்கு அந்தக் கோடிக்குப் போய் வரவே அவ்ளோ ஆகுது” என்றார் அண்ணன். “கண்ணை மூடித் திறந்தா வந்துடலாம். வாராவாரம் வந்துட்டுப் போயிடு. என்ன மாப்ள?”

என் வீட்டுக்காரர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “ரெண்டு மணி நேரம்னா எந்த வாசல்லேர்ந்து எந்த வாசலுக்கு மச்சான்?”

“ஏர்போர்ட்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கு.”

“நாம ஏர்போர்ட்லயா குடியிருக்கோம்?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். இந்த மனுஷர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

“புது ரூட் போடணும்னா மேஜையில ஸ்கேலை வெச்சுக் கோடு போட்டா ஆச்சா?” என்று ஆரம்பித்தார். “வண்டியை ஓட்டிப் பாக்கணும். டிரயல் போகணும். போக்கும் பாக்கணும், வரவும் பாக்கணும். போறப்ப பள்ளமா இருக்கிற ரோடு வர்றப்ப மேடு. அதுக்கப்புறம்தான் அந்த ரூட் ஓடுமா ஓடாதான்னு டிரைவர் சொல்ல முடியும். சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வருவோம்.”

“நான் என்ன பஸ்ஸா?” என்றேன்.

“பஸ் நீ இல்ல” என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

எனக்குப் புரிந்தது இதுதான். நான் வாராவாரம் வீட்டுக்கு வந்து போக முடியுமா முடியாதா என்று அளக்கப் போகிறார். நேரம் நீண்டுவிட்டால் நிதானமாக, நியாயமாக, கணக்கோடு ஒரு ‘முடியாது’ வரும். கத்துகிற ஆணோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம். கணக்கோடு வருகிறவரை என்ன செய்வது? சரி, ஓட்டிப் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை லீவு போடுவார் என்று நினைத்தேன். இல்லை. காலையில் முதல் டிரிப்பை எடுத்து, டூட்டியை முழுசாக முடித்து, மத்தியானம் வீட்டுக்கு வந்து, யூனிஃபார்ம் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பினார். “ஒரு நாள் லீவு போட்டா குடி முழுகிடுமா?” என்றேன். “லீவு போட்டுட்டுப் போனா கணக்கு தப்பாயிடும்” என்றார். மகளிடம் சொல்லிக்கொண்டு வாசற்படி இறங்கிய நிமிடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அங்கிருந்து டிரயல் ஆரம்பம்.

இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். பரிசோதனை வரிசையில் கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொன்னபோது பேசாமல் கழற்றியவர், கடிகாரம் என்றதும் திகைத்துப் போய்விட்டார். அந்தப் பக்கம் போய்த் தட்டு வந்து சேரும்வரை சுவர்க் கடிகாரத்தின் அடியிலேயே நின்றார். அப்புறம் உட்கார்ந்தோம், உட்கார்ந்தோம், உட்கார்ந்துகொண்டே இருந்தோம். “ஏறவே இல்ல, அதுக்குள்ள அவங்க சொன்ன ரெண்டு மணி நேரம் முடிஞ்சு போச்சு” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விமானம் மேலே ஏறியதும் நான் சாமியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தண்ணீர் கொடுக்க வந்த பெண்ணிடம், “இந்த ரூட்டுக்கு இத்தனை நேரத்துல போகணும்னு ரன்னிங் டைம் போடுறது யாரும்மா?” என்று விசாரித்தார். அந்தப் பெண் பாவம், “சார், உங்களுக்குத் தண்ணி வேணுமா, ஜூஸ் வேணுமா?” என்றாள். “ரெண்டும் வேணாம்மா, ரன்னிங் டைம்” என்றார். நான் அவர் காலை மிதித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் பைலட் பேசினார். சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேருகிறோம் என்று சந்தோஷமாக அறிவித்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லோர் முகமும் மலர்ந்தது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“முன்னாடி போறதை மைக்ல வேற சொல்றாரு” என்றார். “எங்க டிப்போவா இருந்தா மெமோ குடுத்திருப்பாங்க.”

“ஏங்க, சீக்கிரம் போனா நல்லதுதானே?”

“லேட்டாப் போனா நிக்கிறவன் திட்டுவான், அவ்ளோதான். முன்னாடி போனா ஓடி வர்றவன் வண்டியை விட்டுடுவான். முன்னாடி போறதுதான் பெரிய தப்பு.”

“ஆகாசத்துல யாருங்க ஓடி வர்றா?”

விமானம் அந்த ஊருக்கு மேலே வந்த பிறகு இறங்க இடமில்லாமல் வட்டமடித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. கடைசியில் சரியாகச் சொன்ன நேரத்துக்குத்தான் தரையைத் தொட்டது. “பாத்தியா, இவங்களும் கொஞ்சம் நேரத்தைக் கூடப் போட்டுத்தான் வெச்சிருக்காங்க. தொழில் தெரிஞ்சவங்கதான்” என்று என் தொடையைத் தட்டினார். போன உயிர் எனக்கு இன்னும் திரும்பி வரவில்லை, இவர் பைலட்டுக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பெட்டிக்குக் காத்திருந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, மாறி ஏறி, நான் சரியென்றால் எனக்கென்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்பின் வாசலில் நின்றபோது இருட்டிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். “ஏழே கால்” என்றார். ஏழே கால் மணி நேரம். என் அண்ணன் சொன்ன கண்ணை மூடித் திறக்கிற தூரம் இதுதான்.

மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு மேஜை, சின்னதாகச் சமைக்க ஒரு மூலை. எனக்குப் பிடித்திருந்தது. அவர் உள்ளே வந்ததிலிருந்து குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுத் திறந்தார். கட்டிலைக் கையால் சாண் போட்டு அளந்து, “சின்னதா இருக்கே” என்றார். காவல்காரரைக் கூப்பிட்டு, “வெளிக் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க? விடியறதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தா திறப்பீங்களா?” என்று குடைந்தார். காவல்காரர் போனதும் நான் பொரிந்து தள்ளிவிட்டேன்.

“எனக்குப் போதும்னு சொல்றேன். உங்களுக்கு எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி? வேணாம்னு சொல்றதா இருந்தா நேராச் சொல்லுங்க. கட்டில் மேல பழி போடாதீங்க.”

“டிரயல் இன்னும் முடியல” என்றார். சுவரோடு பேசுவதும் அவரோடு பேசுவதும் ஒன்று.

மறுநாள் காலையில் புதிய ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனோம். ஞாயிற்றுக்கிழமையிலும் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. என் அறை என்று காட்டினார்கள். சிமெண்டு வாசனை, வெள்ளை ஓடு, சுவரில் குழாய்க்காக விட்டிருந்த ஓட்டைகள். நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். அழுக்குச் சாமான் வரும் கதவுக்குப் பக்கத்திலேயே சுத்தமான சாமானை அடுக்கும் அலமாரியைப் போட்டிருந்தார்கள். “அய்யோ, இதை யாரு இங்க வைக்கச் சொன்னது? இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே கூடாது. அலமாரி எதிர்ச் சுவருக்குப் போகணும்” என்றேன். அங்கிருந்த மேஸ்திரி சிரித்து, “நீங்க வந்து சொல்லுவீங்கன்னுதான் இன்னும் பூசாம வெச்சிருக்கேம்மா” என்றார். அப்புறம் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. தொட்டியின் உயரம், தண்ணீர் வடியும் சரிவு, நீராவிப் பெட்டி நிற்கிற இடம் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தபோது என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததே இல்லை.

பாழாய்ப்போன வரவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. விமான நிலையத்துக்குப் போகும் ரோட்டில் வேலை நடந்ததால் பஸ் ஊர்ந்தது. நாங்கள் ஏற வேண்டிய விமானம் வேறெங்கிருந்தோ தாமதமாக வந்தது. ஏறிய பிறகு எதிர்க்காற்று என்று அறிவித்தார்கள். போனதைவிட அரை மணி கூடப் பறந்தோம். “நான் சொன்னேன்ல, வர்றப்ப மேடு” என்று குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வெறும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் மகள் கதவைத் திறந்தாள். “என்னப்பா, எவ்ளோ?”

“பத்து” என்றார். சாப்பிட்டார், படுத்துவிட்டார். காலையில் முதல் டிரிப் எடுக்க வேண்டும் அல்லவா.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான் என்று நினைத்துக்கொண்டேன். பத்து மணி நேரம். இனி அவர் வாயால் சொல்லவும் தேவையில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. யாரோ வரைந்த அறைகளில் இருபது வருடம் குனிந்து கழுவியவள் நான், எனக்கென்று வந்த ஓர் அறையை எதிர்க்காற்றுக்குப் பறிகொடுக்க வேண்டுமா? காலையில் எழுந்தபோது என் மனசில் ஆட்டம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலையாக நிர்வாகி அம்மாவின் அறைக் கதவைத் தட்டினேன்.

“நான் போறேம்மா. அலமாரியை எதிர்ச் சுவருக்கு மாத்தச் சொல்லிட்டேன், அதை மட்டும் ஒரு போன் போட்டு உறுதிப்படுத்திடுங்க” என்றேன்.

சொல்லிவிட்டு, அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சோறு வடித்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தேன். அவர் என்ன சொல்வார், நான் என்ன திருப்பிக் கொடுப்பேன் என்று எல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாயிற்று. அப்போதுதான் டிப்போவிலிருந்து போன் வந்தது. அங்கே டூட்டி போடுகிறவர், எங்கள் வீட்டுக்கு வந்து போகிற பழைய சிநேகிதர்.

“அண்ணி, வீட்ல எதுவும் பிரச்சினையா?”

“ஏன் கேக்குறீங்க?”

“டயம் அண்ணன் காலையில டிரிப் முடிச்சுட்டு வந்து முதல் டிரிப் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. ஸ்பேர் டூட்டி கேட்டிருக்காரு. நேத்து சேர்ந்தவங்களுக்குக் குடுக்கிற டூட்டி அண்ணி அது. யாரு லீவோ அவங்க வண்டியை எடுக்கணும், சொந்தமா ஒரு ரூட்டே இருக்காது. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. உடம்பு கிடம்பு சரியில்லையான்னு பயமா இருக்கு.”

போனை வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அவர் வந்தார், செருப்பைக் கழற்றினார், கை கழுவினார்.

“ஸ்பேர் டூட்டியா?” என்றேன்.

“அதுக்குள்ள ஊதிட்டானா?” என்று துண்டில் கையைத் துடைத்தார். “ஸ்பேர்ல இருந்தா ரெண்டு வாரத்து ஓய்வையும் சேத்து எடுத்துக்கலாம். ஞாயிறு, திங்கள். சனிக்கிழமை டூட்டி முடிச்சுக் கிளம்பினா ஏழே கால் மணி நேரம், ராத்திரி வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை முழுசா உங்கூட. திங்கக்கிழமை திரும்ப. எவ்ளோ இழுத்தாலும் பத்து மணி நேரம். செவ்வாய் காலையில வண்டில உக்காந்துடலாம். முதல் டிரிப்ல இருந்துக்கிட்டு இது ஓடாது. ஞாயிறு தவிர தெனம் வரணும் அதுக்கு.”

“வர்றது நீங்களா?”

“பின்ன?”

“நான் வந்து போறதுக்குத்தானே நேரம் பாத்தீங்க?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “நீ எதுக்கு வரணும்? ஆறு நாள் நின்னுக்கிட்டே வேலை பாப்ப. ஒரு நாள் ஓய்வு. அன்னைக்கு உன்னை ரோட்லயும் ஆகாசத்துலயும் இழுத்தடிக்கவா? வண்டி ஓட்டுறவன் நான். நான்தான வரணும்.”

“நான் காலையிலயே சரின்னு சொல்லிட்டேன்” என்றேன். “உங்களைக் கேக்கல.”

“தெரியும்.”

“நீங்க வேணாம்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.”

“அதுவும் தெரியும்” என்று சாப்பிட உட்கார்ந்தார். “நீ போறதா வேணாமான்னு நான் எப்ப யோசிச்சேன்? நேத்து அந்தப் புது ஆஸ்பத்திரி அறைக்குள்ள நுழைஞ்சப்பவே நீ போயிட்ட. சாக்பீஸும் கையுமா இருந்த உன் முகத்தைப் பாத்தேனே.”

“அப்புறம் ஏன் நேத்து பூரா ஊமை மாதிரி வந்தீங்க? என் உயிர் போய் உயிர் வந்துச்சு.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. “முதல் டிரிப்பை விட மனசு வரல” என்றார். “அதை விட்டுடலாம்னு முடிவு பண்ணத்தான் அந்தப் பத்து மணி நேரமும் ஆச்சு.”

நான் அழுதேன். சும்மா அழவில்லை, திட்டிக்கொண்டே அழுதேன். இரண்டு நாள் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள், கட்டிய பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாதா, இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தி என்ன புண்ணியம் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குழம்பு கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

இப்போது நான் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. என் அறை நான் சொன்னபடி இருக்கிறது. பெண்கள் ஆறு பேர் என்னிடம் பழகுகிறார்கள். ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை அவர் வருகிறார். ஒரு முறை மழையில் விமானம் வேறு ஊரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, விடியும் நேரத்துக்கு வந்து நின்றார். காவல்காரர் கேட்டைத் திறந்து விட்டாராம். வந்ததும் இரண்டு பேரும் பேசுவது பெரிதாக ஒன்றுமில்லை. மகளின் வேலை, வீட்டுக் குழாய், டிப்போ கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்குவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பேன்.

டயம் அண்ணன் வண்டி முக்கில் திரும்பாததால் தெருவில் பாதிப் பேர் வேலைக்குத் தாமதமாகப் போகிறார்கள் என்று மகள் சொல்கிறாள். போன வாரம் அண்ணன் போனில் பேசினார். மாப்பிள்ளைக்கு டிப்போவில் முன்பு இருந்த மரியாதை இப்போது இல்லை, நேற்று வந்தவன்கூட வண்டி நம்பரைச் சொல்லி எடுக்கச் சொல்கிறான், பெண்டாட்டி பின்னால் அலைகிறவர் என்று சிரிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். சிரிக்கிறவர்களை ஒருநாள் இங்கே அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி என் வாசலில் நின்று, அவர் படியேறி வருவதைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் சிரிக்கட்டும்.